கட்டிலா, சாவியா, வாடகை பாக்கியா?

வீடற்றோருக்காக ஒரு தொகை ஒதுக்கியாகிவிட்டது. அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்க ஒரு கூட்டம். நகர நிர்வாகத்தின் கூட்டமாக இருக்கலாம், ஓர் அறக்கட்டளையினுடையதாக இருக்கலாம், நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழுவாகவும் இருக்கலாம். இந்த மாதிரிக் கூட்டங்களில் முதலில் எழும் யோசனை, இன்னும் நூறு கட்டில் போடலாம் என்பது. கட்டில் கண்ணுக்குத் தெரியும். திறப்பு விழா வைக்கலாம், ஆண்டறிக்கையில் படம் போடலாம். இன்னொருவர், "முதலில் குடியை நிறுத்தட்டும், அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம்" என்பார். யாராவது தயங்கித் தயங்கி, "நேராக ஒரு வீட்டையே பிடித்துக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பார். மூன்று மாத வாடகை பாக்கியோடு அடுத்த மாதம் தெருவுக்கு வரப்போகிறவரைப் பற்றி மட்டும் பேச்சே வராது. அவர் இன்னும் வீடற்றவர் ஆகவில்லையே!

சில வருடங்கள் ஓர் இரவுக் காப்பகத்தில் வாரத்துக்கு இரண்டு இரவு உதவிக்குப் போயிருக்கிறேன். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. படித்துக்கொண்டே போகும்போது அது உங்களுக்கே தெரிந்துவிடும்.

யாரை எண்ணுகிறோம்?

வீடற்றோர் என்றதும் நடைபாதையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்கும் உருவம்தான் மனதில் வருகிறது. அது வீடற்ற மக்கள் திரளின் ஓரம் மட்டும். நண்பர் வீட்டுக் கூடத்தில் மாறி மாறிப் படுப்பவர், வண்டிக்குள் இரவைக் கழிப்பவர், அடிக்கும் கணவனிடமிருந்து குழந்தைகளோடு வெளியேறி உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர், மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டும் போக இடமில்லாதவர் என்று கண்ணில் படாதவர்கள் ஏராளம்.

எண்ணிக்கை எவ்வளவு என்பது யாரை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் 2003-இல் 25,296 பேர் என்று இருந்த அதிகாரபூர்வக் கணக்கு, 2024-இல் 2,820 ஆகிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் பூங்கா, ஆற்றங்கரை, சாலை, ரயில் நிலையம் போன்ற இடங்களில் தங்குவோர் மட்டுமே சேர்த்தி. டோக்கியோ மாநகர அரசு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் இணைய மையங்களில் இரவைக் கழிக்கும் வீடற்றோர் அந்த ஒரு நகரில் மட்டுமே சுமார் 4,000 பேர் என்றது. அந்த வருடம் நாடு முழுவதற்குமான அதிகாரபூர்வ எண்ணிக்கையே 5,000-க்குள்தான்.

முடிவெடுப்பவருக்கு இதைவிட உபயோகமான ஒரு கணக்கு உண்டு. ரண்டால் கூன், டென்னிஸ் கல்ஹேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா காப்பகங்களின் பல வருடப் பதிவுகளை அலசி 1998-இல் வெளியிட்டார்கள். காப்பகத்துக்கு வந்த தனி நபர்களில் சுமார் 80 சதவீதம் பேர் ஒருமுறை வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, தாங்களாகவே கிளம்பிப்போய்விட்டார்கள். 10 சதவீதம் பேர் வந்து போய், வந்து போய் இருந்தார்கள். மிச்சம் 10 சதவீதம் பேர் நீண்ட காலம் அங்கேயே கிடந்தார்கள். இந்தக் கடைசிப் பத்து சதவீதம் பேர்தான் மொத்தக் கட்டில் இரவுகளில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்டவர்கள். தலைகளை எண்ணினால் முதல் கூட்டம் பெரிது. இரவுகளை எண்ணினால் கடைசிக் கூட்டம் பெரிது. ஒரே திட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லப் பார்ப்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது என்பது என் எண்ணம்.

போதைதான் காரணமா?

கடைசிப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் ஏற வேண்டும், நாற்பத்தைந்து பேருக்குத்தான் இடம். யார் விட்டுப்போவார்கள்? கால் சரியில்லாதவர், கைக்குழந்தையோடு நிற்பவர், குடித்துவிட்டுத் தள்ளாடுபவர். அவர் குடித்ததால்தான் பேருந்தை விட்டார் என்றால் அது பொய்யில்லை. ஆனால் அவர் குடிக்காமல் வந்திருந்தாலும் வேறு யாரோ ஐந்து பேர் நிறுத்தத்தில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். இவர் ஏன் விடுபட்டார் என்பது ஒரு கேள்வி. ஐந்து பேர் ஏன் விடுபட்டார்கள் என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் போதைப்பொருளால் இறப்போர் விகிதம் பல வருடங்கள் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக இருந்தது. வறுமையும் கூடுதல். ஆனாலும் வீடற்றோர் விகிதம் குறைவு. பணம் கொழிக்கும் கலிஃபோர்னியாவிலோ 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் 1,87,000 பேர். முன்னதில் வாடகை மலிவு, பின்னதில் வாடகை எட்டாத உயரம். அதனால் போதை, மனநோய், குடும்பச் சண்டை எல்லாம் யார் விழுவார் என்பதைத் தீர்மானிக்கின்றன. எத்தனை பேர் விழுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது வாடகை. இதை மனதில் வைத்துக்கொண்டு யோசனைகளுக்கு வருவோம்.

கட்டில்

காப்பகத்துக்கு ஆதரவான வாதம் எளிது: இன்று இரவு ஒருவர் குளிரில் செத்துவிடக் கூடாது. நியூயார்க்கில் 1979-இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் வீடற்ற ஆண்களுக்காக வழக்குப் போட்டார். 1981-இல் வந்த சமரசத் தீர்ப்பின்படி, கேட்டு வருபவருக்கு இடம் கொடுப்பது அந்த நகரத்தின் கடமையாயிற்று. வழக்கில் முதல் பெயராக இருந்த ராபர்ட் கலஹன் அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே தெருவில் இறந்துவிட்டார். இந்திய உச்ச நீதிமன்றமும் 2010-இல், நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் என்ற கணக்கில் அமைக்கச் சொன்னது. அதுவும் குளிர்காலச் சாவுகள் பற்றிய பேச்சில் பிறந்ததுதான்.

நியூயார்க்கின் கடமை வேலை செய்கிறதா? 2024-இல் நகரம் எண்ணியபோது வெட்டவெளியில் இருந்தவர்கள் சுமார் 4,100 பேர். அப்படியொரு கடமை இல்லாத லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் அதே வருடம் 75,000 வீடற்றோரில் 52,000 பேர் வெட்டவெளியில் இருந்தார்கள். உயிரைக் காப்பதில் காப்பகத்துக்கு இணை இல்லை. ஆனால் நியூயார்க் காப்பகங்களுக்குள் அந்த வருடம் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தெரு காலியாயிற்று, காப்பகம் நிரம்பிற்று. வீடற்றோர் குறையவில்லை.

உள்ளே அது எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் மாலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்போம். ஐந்துக்கே வரிசை நின்றுவிடும். ஏழு மணிக்குள் வராவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். எட்டு மணி வரை வேலை பார்க்கும் ஒருவர் என்ன செய்வார்? வேலைக்குப் போனால் கட்டில் போச்சு, கட்டிலுக்கு வந்தால் வேலை போச்சு. கணவனும் மனைவியும் ஒன்றாகத் தங்க முடியாது. நாயோடு வந்தவர் நாயை விட்டுவிட்டு உள்ளே வர மாட்டார். செருப்பைக் கழற்றித் துணியில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வார்கள், காலையில் காணாமல் போகாதிருக்க. யாராவது ஒருவர் இருமத் தொடங்கினால் கூடம் முழுக்க விழித்துக்கொள்ளும். காலை ஆறரைக்கு எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயாக வேண்டும். அன்றைய பகல் அவரவர் பாடு.

இரண்டு வருடம் தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், தன் காகிதங்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே தூங்குவார். ஒருநாள் மழையில் அது நனைந்து கூழாகிப் போயிற்று. அடையாள அட்டைக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தோம். விண்ணப்பத்தில் நான்காவது கட்டம்: நிரந்தர முகவரி. அடையாள அட்டை இல்லாமல் அறை வாடகைக்குக் கிடைக்காது, அறை இல்லாமல் முகவரி இல்லை, முகவரி இல்லாமல் அட்டை இல்லை. காப்பகத்தின் முகவரியைப் போடலாமா என்று கேட்டோம். இரவில் மட்டும் திறந்திருக்கும் இடம் முகவரியில் சேராது என்றார் அலுவலகச் சாளரத்தில் இருந்தவர். நல்ல மனிதர்தான். அவர் கையிலிருந்த விதி அப்படி.

ஆக, ஒரு காப்பகம் எத்தனை கட்டில் போட்டிருக்கிறது என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. போன வருடம் அங்கிருந்து எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை இரவு தங்கினார் என்று கேட்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத காப்பகத்தில் இன்னும் நூறு கட்டில் போட்டால், அடுத்த வருடம் இன்னும் நூறு கேட்பார்கள்.

படிக்கட்டா, சாவியா?

நீண்ட காலமாகத் தெருவில் இருப்பவரை என்ன செய்வது என்பதில்தான் பெரிய சண்டை. பழைய முறையைப் படிக்கட்டு என்பார்கள். முதலில் காப்பகம், அங்கிருந்து மீட்பு இல்லம், அப்புறம் பகிர்ந்து தங்கும் அறை, அப்புறம் கண்காணிப்போடு ஒரு குடியிருப்பு, கடைசிப் படியில் சொந்தப் பெயரில் வாடகை வீடு. ஒவ்வொரு படியிலும் ஒரு நிபந்தனை: குடிக்கக் கூடாது, மருந்தைத் தவறாமல் எடுக்க வேண்டும், வகுப்புக்கு வர வேண்டும். ஒருமுறை தவறினால் கீழ்ப்படிக்கு, பல சமயம் தெருவுக்கே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குடியை விட வேண்டும் என்று தானே முடிவெடுத்து, குடிக்காதவர்கள் நடுவில் இருக்க விரும்புகிறவருக்கு மீட்பு இல்லம் நல்ல இடம். அதை நான் மறுக்க மாட்டேன். சிக்கல் என்னவென்றால், மழையில் நனைந்துகொண்டு, இரவெல்லாம் காவலர் எழுப்பிவிட, மாத்திரையைப் பைக்குள் பத்திரப்படுத்த முடியாமல் இருக்கும் ஆளிடம்தான் இந்த ஒழுங்கை எதிர்பார்க்கிறோம். வீடு இருக்கிற நமக்கே ஒரு மாத்திரைப் பட்டையை ஒழுங்காக முடிக்க வருவதில்லை!

இதைத் தலைகீழாகத் திருப்பியவர் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர். 1992-இல் நியூயார்க்கில் அவர் தொடங்கிய திட்டம் மனநோயோடு தெருவில் இருந்தவர்களிடம் முதலில் சாவியைக் கொடுத்தது. வருமானத்தில் 30 சதவீதத்தை வாடகைக்குத் தர வேண்டும், பணியாளர் தவறாமல் வந்து பார்க்க விட வேண்டும். குடியை நிறுத்து என்ற நிபந்தனை கிடையாது. மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் வீட்டுக்கே வருவார்கள். வீடு போனாலும் உதவி போகாது. வேறு வீடு பார்ப்பார்கள். 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்', அதாவது முதலில் வீடு, என்ற பெயர் இதற்குத்தான்.

இதைப் பெரிய அளவில் சோதித்தது கனடா. 2009 முதல் 2013 வரை வான்கூவர், வினிபெக், டொராண்டோ, மொன்ட்ரியால், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில், மனநோயுள்ள இரண்டாயிரத்துக்கும் அதிகமான வீடற்றோரைக் குலுக்கல் முறையில் இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு முதலில் வீடு, மறுபக்கத்துக்கு ஊரில் ஏற்கெனவே இருந்த உதவிகள். ஆய்வின் கடைசி ஆறு மாதம் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள் முதல் பக்கத்தில் 62 சதவீதம், மறுபக்கத்தில் 31. அந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூட வீட்டில் இல்லாதவர்கள் முதல் பக்கத்தில் 16 சதவீதம், மறுபக்கத்தில் 46.

கனடா ஆய்வின் இரண்டு முடிவுகளை இத்திட்டத்தின் ஆதரவாளர்கள் மெல்லத்தான் சொல்வார்கள். ஒன்று, போதையிலும் மனநிலையிலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறியது. வீடு குடியை நிறுத்தவில்லை, வீடு வீட்டைத்தான் கொடுத்தது. இரண்டு, செலவு. மருத்துவமனை, சிறை, அவசர ஊர்தி என்று முன்பே அதிகம் செலவு வைத்துக்கொண்டிருந்த 10 சதவீதம் பேரிடம், போட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் சுமார் 21.7 டாலர் மிச்சமாயிற்று. நடுத்தரத் தேவை உள்ளவர்களிடமோ 10 டாலருக்கு 3.4 டாலர்தான் திரும்பியது. ஆகவே, "இது பணத்தை மிச்சப்படுத்தும்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கினால், இரண்டாம் வருடக் கணக்கு வரும்போது தலைகுனிய வேண்டியிருக்கும். மிக நொந்தவரிடமிருந்து தொடங்கினால் மட்டுமே அந்தக் கணக்கு நேராகும்.

ஃபின்லாந்துக் கதையை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 2008-இல் அரசு முதலில் வீடு என்ற கொள்கையைப் பிடித்தது. நீண்ட கால வீடற்றோர் 2015-க்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள் என்பது முதல் பாதி. காப்பகக் கட்டடங்களையே வீடுகளாக மாற்றினார்கள் என்பது அதிகம் பேசப்படாத பாதி. தலைநகர் ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பழைய விடுதியில் சுமார் 250 படுக்கைகள் இருந்த இடத்தில் 80 தனி வீடுகள் வந்தன. 1985-இல் அந்த நகரில் காப்பகப் படுக்கைகள் 2,121, 2016-இல் 52. அதே 1985-இல் பிறந்த ஒய் அறக்கட்டளை, சாதாரண அடுக்ககங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டே வந்தது. கொள்கை வருவதற்கு இருபது வருடம் முன்பே வீடு கைவசம் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இன்னொன்று: 2023-இல் 3,429 ஆக இருந்த மொத்த எண்ணிக்கை 2024-இல் 3,806 ஆக ஏறிவிட்டது. அந்த வருடம்தான் அங்கே வாடகை உதவித்தொகையை வெட்டினார்கள்.

வீடு இல்லாமல் முதலில் வீடு என்று சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியா. 2016-லேயே சட்டம் போட்டு இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள். கொடுக்க வீடு எங்கே? எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இதற்கு எதிர்ப்புறம் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரம்: 2011-க்குப் பிறகு வீடற்றோர் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். அங்கே வாடகை ஒப்பீட்டளவில் மலிவு, புது வீடு கட்ட இடைஞ்சல் குறைவு. அதோடு, தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே பட்டியலை வைத்து வேலை செய்ய ஒப்புக்கொண்டன. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2015-இல் நீண்ட கால வீடற்றோரை 91 சதவீதம் குறைத்துவிட்டதாக அறிவித்து உலகமெல்லாம் செய்தியானது. அந்த வீழ்ச்சியில் ஒரு பகுதி எண்ணும் முறை மாறியதால் வந்தது என்பது பின்னால்தான் வெளியே வந்தது.

சாவியைக் கையில் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் காப்பகத்திலிருந்து தனி அறைக்குப் போன ஒருவரைப் பார்க்க மூன்றாவது வாரம் போனேன். கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. அவர் கதவை ஒட்டித் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். பை கட்டியது கட்டியபடி கதவுப் பிடியில் தொங்கியது. "இங்க சத்தமே இல்ல, தூக்கம் வரல" என்றார். அந்த மாதிரி நாட்களில் கதவைத் தட்ட ஒரு பணியாளர் வேண்டும். சம்பளம் கொடுத்து அவரை வைக்காமல் வீட்டை மட்டும் கொடுக்கும் திட்டங்கள், முதலில் வீடு என்ற பெயரைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

குடும்பங்களின் விஷயம் வேறு. அமெரிக்க வீட்டுவசதித் துறை 12 இடங்களில் 2,282 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வில், நீண்ட கால வாடகை உதவி மற்ற எல்லா வழிகளையும் பின்னுக்குத் தள்ளியது. மீண்டும் வீடிழப்பது பாதிக்கும் கீழே குறைந்தது; குழந்தைகள் பெற்றோரைப் பிரிவதும், பள்ளி மாறுவதும், வீட்டுக்குள் அடிதடியும் குறைந்தன. மூன்று வருடச் செலவு வழக்கமான உதவிகளை விடச் சுமார் 9 சதவீதம்தான் கூடுதல். பயிற்சி வகுப்புகளோடு கூடிய இடைக்காலக் குடியிருப்புகளில் பலன் ஒன்றும் பெரிதாக இல்லை. குழந்தையோடு இருப்பவருக்குப் பாடம் நடத்துவதை விட வாடகை கட்டுவது மேல்.

வாடகை பாக்கி

ஒருவர் தெருவுக்கு வந்த பிறகு தூக்கிவிட ஆகும் செலவில் சின்னப் பங்கு, அவர் வீட்டுக்குள் இருக்கும்போதே போதும். சிகாகோவில் வாடகை கட்ட முடியாதவர்கள் அழைக்க ஒரு தொலைபேசி மையம் இருக்கிறது. அதில் நிதி சில நாள் இருக்கும், சில நாள் தீர்ந்திருக்கும். யார் எந்த நாள் அழைக்கிறார் என்பது அதிர்ஷ்டம். இதையே ஓர் இயல்பான சோதனையாக எடுத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. நிதி இருந்த நாளில் அழைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் காப்பகத்துக்கு வருவது 76 சதவீதம் குறைவு.

கை தட்டுவதற்கு முன் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும். நிதி இல்லாத நாளில் அழைத்தவர்களில் காப்பகத்துக்கு வந்தவர்களே நூற்றுக்கு இரண்டு பேர்தான். மற்றவர்கள் அண்ணனிடம் கடன் வாங்கியோ, வீட்டுக்காரரிடம் தவணை கேட்டோ எப்படியோ சமாளித்துவிட்டார்கள். அதாவது ஒன்றிரண்டு பேரைக் காப்பாற்ற நூறு பேருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் ஒருவரைத் தடுக்க ஆன செலவு சுமார் 10,300 டாலர். தடுப்பு மலிவானது என்பது யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மற்ற 98 பேருக்குப் போன பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கடன் வாங்காமல் பிழைத்தார்கள். ஆனால் வீடற்றோர் எண்ணிக்கையில் அது தெரியாது.

இலக்கைக் கூர்மையாக்க வழிகள் உண்டு. ஜெர்மனியில் வாடகை பாக்கிக்காகக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், நீதிமன்றமே உள்ளூர் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லிவிடும். நிர்வாகம் பாக்கியைக் கட்டி வீட்டைக் காப்பாற்றலாம். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கு உள்ளூர் மன்றம் உதவத் தொடங்க வேண்டும். இன்னும் கூர்மையான இடம், நிறுவனங்களின் வாசல்: சிறை, மனநல மருத்துவமனை, குழந்தைகள் இல்லம். அங்கிருந்து வெளியே வரும் முதல் சில மாதங்கள்தான் ஆபத்து. நியூயார்க்கில் ஒரு பெரிய காப்பகத்திலிருந்து குடியிருப்புக்குப் போன மனநோயுள்ள 96 ஆண்களில் பாதிப் பேருக்கு, பழக்கமான ஒரு பணியாளரை ஒன்பது மாதம் கூடவே இருக்க வைத்தார்கள். பதினெட்டு மாதத்தில் அவர்கள் வீடற்றுக் கழித்த இரவுகள் சராசரியாக 30. மற்றவர்களுக்கு 91. புது வீடு இல்லை, புது மருந்து இல்லை. தெரிந்த முகம் ஒன்று.

கையில் பணம், கையில் அபராதம்

நேரடியாகப் பணத்தைக் கொடுப்பது பற்றி இரண்டு ஆய்வுகள், இரண்டு பதில். வான்கூவரில் 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் மொத்தமாகக் கொடுத்தபோது, வருடத்தில் வீடற்றிருந்த நாட்கள் 99 குறைந்தன. குடிக்கும் போதைக்கும் செலவு கூடவில்லை. ஆனால் கடுமையான போதை, மனநோய்ச் சிக்கல் உள்ளவர்களை முன்பே விலக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் டென்வர் நகரில் 800-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்தபோது, மாதம் 1,000 டாலர் வாங்கியவரும் 50 டாலர் வாங்கியவரும் ஏறக்குறைய ஒரே அளவில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், வீடு சேர்ந்தார்கள். புதிதாகத் தெருவுக்கு வந்து, அட்வான்ஸ் கொடுக்க மட்டும் வழியில்லாமல் நிற்பவருக்குப் பணம் நல்ல வழி என்றே எனக்குப் படுகிறது. எல்லோருக்குமான மருந்து அல்ல.

தடை விதிப்பதையும் ஒரு யோசனையாகச் சேர்க்கச் சொல்வார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், கிராண்ட்ஸ் பாஸ் என்ற சின்ன நகரத்தின் வழக்கில், பொது இடத்தில் தூங்குவதற்கு நகரங்கள் தண்டனை விதிக்கலாம் என்றது. வழக்கில் இருந்த விதிப்படி அங்கே அபராதம் 295 டாலரில் தொடங்கியது. ஹங்கேரி 2018-இல் அரசியல் சட்டத்திலேயே தடையை எழுதிவிட்டது. வாடகை கட்ட முடியாதவர் அபராதம் எப்படிக் கட்டுவார்? கட்டாத அபராதம் வழக்குப் பதிவாகி, நாளைக்கு வீட்டுக்காரர் விசாரிக்கும்போது முன்னால் வந்து நிற்கும். அடுத்த தெருவுக்குத் துரத்துவதற்குப் பணம் செலவழிப்பதை இந்த ஒப்பீட்டில் சேர்க்க எனக்கு மனமில்லை.

தொகையை என்னிடம் கொடுத்தால்

முதலில் பட்டியல். ஊரில் யார் யார் வெளியே இருக்கிறார்கள், எத்தனை நாளாக, என்ன நோய், யாரோடு பேசுவார்கள் என்று பெயர் பெயராக. ஒரே இரவில் தலை எண்ணுவதை விட இது மெதுவான வேலை. ஆனால் முதல் கட்டில் வாங்குவதற்கு முன் இது வேண்டும். அந்தப் பட்டியலில் இரவுகள் அதிகமாக இருப்பவர்களுக்குச் சாவியும் பணியாளரும். குடும்பங்களுக்கு வாடகை உதவி. புதிதாக வந்தவர்களுக்கு அட்வான்ஸ், காகித வேலை, ஊருக்குப் போக வண்டிக் கட்டணம், அவ்வளவு போதும். வெளியே இப்போதே சாவு நடக்கிறது என்றால் காப்பகம் முந்த வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அப்போதும் பணியாளர்களில் பாதிப் பேர் உள்ளே விடுவதற்கு அல்ல, வெளியே அனுப்புவதற்கு இருக்க வேண்டும்.

காலி வீடுகள் இருக்கிற ஊரில் வாடகை உதவியே போதும். காலி வீடே இல்லாத ஊரில் அதே உதவி வாடகையை ஏற்றிவிடும். அங்கே விடுதிகளையும் பழைய காப்பகங்களையும் வீடுகளாக மாற்றுவதில் பணத்தைப் போட வேண்டும். அது நிர்வாகத்தின் வேலை, சின்னக் குழுவுக்கு முடியாது. சின்னக் குழு செய்யக்கூடிய பெரிய காரியம், வீட்டுக்காரருக்குப் பொறுப்பேற்பது. பாக்கி விழுந்தால் நாங்கள் தருகிறோம், குழாய் உடைந்தால் நாங்கள் சரிசெய்கிறோம், சிக்கல் வந்தால் நள்ளிரவிலும் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று எழுதிக் கொடுத்தால், தெருவிலிருந்து வந்தவருக்கு வீடு தர மாட்டேன் என்றவர்கள்கூட இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

பணம் எத்தனை வருடத்துக்கு என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் சாவி கொடுக்கும் வேலையைத் தொடங்கவே வேண்டாம். அதை வாடகை பாக்கிக்கும் மருத்துவமனை வாசலுக்கும் போடுங்கள். பாக்கி நிதி தீர்ந்துபோனால், அதுவரை காப்பாற்றியவர்கள் காப்பாற்றப்பட்டவர்கள்தான். வாடகை நின்றுபோன வீட்டில் இருப்பவரோ, இப்போதுதான் கதவருகிலிருந்து எழுந்து கட்டிலில் படுக்கப் பழகியிருப்பார்.